நாகதாளியும் மற்றக் கள்ளிகளும்

தீவகத்தவர்களுக்கு நாகதாளியை அறிமுகம் செய்துவைக்க வேண்டிய தேவையில்லை. வேலணையிலும் புங்குடுதீவிலும் ஆளில்லாமற் கிடக்கும் வளவுகளில், கடற்கரையை அண்டிய மணற்பிட்டிகளில், நெடுந்தீவின் கல்வேலி ஓரங்களில் அதைக் காணாமல் ஒருவர் நெடுந்தூரம் நடந்துவிட முடியாது. நாகம் படமெடுத்து நிற்பது போன்ற தோற்றத்தால் அந்தப் பெயர் வந்தது என்பர். தமிழகத்தார் அதைச் சப்பாத்திக்கள்ளி என்பார்கள். சிறுவயதில் அதன் பழத்தை மணலிலே போட்டு உருட்டிச் சுணை நீக்கி, உள்ளே இருக்கும் முள்ளையும் எடுத்தெறிந்துவிட்டுத் தின்றிருக்கிறோம். நாக்கு செக்கச் சிவந்துவிடும். ஆகையால் வீட்டில் பொய் சொல்ல வழியில்லை.

இவ்வளவு பழகிய செடியாதலால் நம்மவர்களிற் பலர் அதை இந்த மண்ணிலேயே தோன்றியதென்று நம்புகிறார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரிய நண்பர் ஒருவர், பாலைத்திணைப் பாடல்களில் வரும் கள்ளி இதுதான் என்று என்னிடம் அடித்துக் கூறினார். அப்படி இருக்க முடியாது. சங்கப் புலவர்கள் கண்ட கள்ளி, இன்றும் நம் வறண்ட நிலங்களில் நிற்கின்ற சதுரக்கள்ளி இனத்தைச் சேர்ந்தது. அதன் தண்டைக் கீறினால் பால் வடியும். நாகதாளியின் பலகையைக் கீறினால் பால் வராது. நிறமற்ற வழுவழுப்பான நீர்தான் கசியும். இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். நாகதாளியின் குடும்பம் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. அக்குடும்பத்திலிருந்து பழைய உலகத்துக்குத் தானாக வந்து சேர்ந்ததாகக் கருதப்படுவது ஒரேயொரு இனம். மரங்களில் தொற்றி வளரும் முள்ளற்ற மெல்லிய கொடி போன்ற அது, ஆபிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் நமது இலங்கையின் ஈரக் காடுகளிலும் காணப்படுகிறது. ஏனைய அனைத்தும் 1492க்குப் பின்னர் மனிதர் கைபட்டு வந்தவை. ஔவையாருக்கும் கபிலருக்கும் நாகதாளி தெரிந்திருக்க நியாயமில்லை.

இந்த ஆராய்ச்சியில் நான் இறங்கியதற்குத் தமிழார்வம் காரணமல்ல, ஒரு காணி விவகாரம்தான் காரணம். என் மனைவியின் பெற்றோருடைய வளவு வேலணையில் இருக்கிறது. 1990இல் தீவகத்தில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது அவர்கள் அங்கிருந்து வெளியேறினார்கள். திரும்பிப் போய்க் குடியிருக்க அவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. வீடு கூரையிழந்து சுவராகி நிற்கிறது. வளவின் பாதியை நாகதாளி எடுத்துக்கொண்டுவிட்டது. கனடாவில் இருக்கும் என் மைத்துனர் சென்ற ஆண்டு அந்தக் காணியைத் துப்புரவாக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்.

"அத்தான், ஒரு பெக்கோவைப் பிடிச்சு ஒரே நாளில வழிச்செடுத்துவிடுவம். காசு நான் அனுப்புறன். நீங்கள் பக்கத்தில நிண்டு பாத்தாப் போதும்" என்றார்.

அவரைக் குறைசொல்ல மாட்டேன். பற்றை என்றால் பெக்கோ என்பது இப்போது யாழ்ப்பாணத்தின் பொது விதி. ஆனால் அந்த வளவுக்குப் போய் நின்றபோது, பக்கத்து வளவில் ஆடு வளர்த்துத் தனியாகச் சீவிக்கும் மூத்த பெண்மணி ஒருவர் வேலியோரம் வந்து கேட்டார்: "தம்பி, நீங்களும் பெக்கோ விடப்போறியளோ? முந்தி அந்தக் காணிக்காரர் விட்டவை. துண்டெல்லாத்தையும் என்ர வேலியோரத்தில தள்ளிப்போட்டுப் போட்டினம். இப்ப வந்து பாருங்கோ."

போய்ப் பார்த்தேன். தள்ளிவிடப்பட்ட குவியல் இருந்த இடத்தில் இடுப்பளவு உயரத்துக்கு முப்பதடி நீளத்தில் ஒரு நாகதாளிக் காடு. அவருடைய ஆடுகளில் இரண்டுக்கு வாயில் முள்ளேறிப் புண்பட்டிருந்தது. கனடாவிலும் கொழும்பிலும் இருப்பவர்கள் காணியைத் துப்புரவாக்கிய திருப்தியோடு இருந்திருப்பார்கள். முள் மட்டும் ஊரோடு தங்கிவிட்டவருடைய பக்கத்தில் முளைத்திருந்தது.

நாகதாளி அவ்வாறு பெருகுவதன் சூட்சுமம் அதன் பலகையில் இருக்கிறது. இலை என்று நாம் நினைக்கும் அந்தப் பலகை உண்மையில் தண்டு. முள் இருக்கும் ஒவ்வொரு கண்ணிலிருந்தும் புதிய பலகையோ பூவோ வேரோ புறப்பட முடியும். பிடுங்கி எறியப்பட்ட துண்டு தனக்குள் இருக்கும் நீரைக் கொண்டே மாதக் கணக்கில் உயிர் தாங்கும். பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவிலே திறந்து மூச்சுவிடும் தாவரம் அது. நம் கோடை அதற்கு ஒரு பொருட்டல்ல. பெக்கோவின் வாளி ஒரு செடியை முப்பது துண்டாக்கினால், அடுத்த மாரியில் முப்பது செடி. இவற்றோடு பழத்தைத் தின்னும் பறவைகள் விதைகளைக் கொண்டுபோய்ப் போடும் வேலையையும் செய்துகொள்கின்றன.

பார்த்தீனியத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1987இல் இந்திய அமைதிப்படை வந்த காலத்தில் அவர்களுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு சேர்ந்து வந்ததென்று பரவலாகக் கூறப்படும் அந்தச் செடிக்கு எதிராக, வடமாகாண சபை 2014இல் ஓர் இயக்கமே நடத்தியது. பார்த்தீனியம் விதையால் மட்டும் வாழ்வது. பூக்குமுன் கையுறையோடு பிடுங்கினால் அந்தத் தலைமுறை முடிந்தது. பல்லாண்டு வாழும் நாகதாளிக்கு அந்த வைத்தியம் எடுபடாது. களை என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடக்குவதால் வருகிற வினை இது.

கள்ளி என்ற ஒரே சொல்லால் வந்த வினைக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அதில் இலங்கைக்குப் பெரிய பங்கும் உண்டு என்பது எனக்கே புதிய செய்தி. 

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவின் செந்நிறச் சாயச் சந்தை ஸ்பானியர் கையில் இருந்தது. மெக்சிக்கோவின் கள்ளிகளில் வாழும் கொச்சினீல் என்ற சிறு பூச்சியை உலர்த்திப் பொடித்தால் கிடைப்பது அந்தச் சாயம். படைவீரரின் செங்கோட்டுக்கும் சீமாட்டிகளின் பட்டுக்கும் அது வேண்டியிருந்தது. கிழக்கிந்தியக் கம்பனி அதைத் தானே உற்பத்தி செய்ய ஆசைப்பட்டது. சென்னையில் கம்பனியின் தலைமை வைத்தியராக இருந்த ஜேம்ஸ் அண்டர்சன் 1786இல் அங்குள்ள புல்லொன்றில் ஒரு பூச்சியைக் கண்டு, இதுவே கொச்சினீல் என்று இங்கிலாந்தில் இருந்த சேர் ஜோசப் பாங்ஸுக்கு உற்சாகமாகக் கடிதங்கள் எழுதினார். அது வேறு பூச்சி. ஆனாலும் மனிதர் ஓயவில்லை. சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்று எழுந்தது. 1795இல் கப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவிலிருந்து கள்ளியும் பூச்சியுமாகக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். வந்ததும் மெக்சிக்கோவின் உயர்ரகப் பூச்சியல்ல, தென்னமெரிக்காவின் காட்டுப்பூச்சி. சாயம் தரக்குறைவாக இருந்தது. வியாபாரம் படுத்துவிட்டது.

இங்கேதான் கதை திரும்புகிறது. சாயத்துக்கு உதவாத அந்தப் பூச்சி, இந்தியாவில் காடாகப் பரவியிருந்த ஒருவகைக் கள்ளியை ஆவலோடு தின்று அழித்தது. இதைக் கவனித்தவர்கள் 1836 முதல் 1838 வரையான காலத்தில் அதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுபோய் வேண்டுமென்றே பரப்பினார்கள். 1865க்கு முன்னர் அது பாக்குநீரிணையைத் தாண்டி இலங்கைக்கும் வந்தது. ஒரு களையை ஒழிப்பதற்காக ஒரு பூச்சியை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு எடுத்துச் சென்ற முதல் நிகழ்ச்சி என்று உயிரியல் கட்டுப்பாட்டு நூல்கள் குறிப்பிடுவது இதைத்தான். 1896இல் எட்வர்ட் ஏர்னஸ்ட் கிரீன் என்ற பூச்சியியலாளர் அதை விவரித்தபோது சிலோனின் பெயரையே இட்டார். பிரேசிலில் பிறந்த பூச்சி, விஞ்ஞான உலகில் இன்றும் சிலோன் பூச்சிதான். குடியுரிமை சில பேருக்கு எவ்வளவு இலகுவாகக் கிடைத்துவிடுகிறது பாருங்கள்!

ஆனால் அந்தப் பூச்சி நம் நாகதாளியைத் தொடவில்லை. அது தின்றது ஒற்றை முள் கள்ளி எனத்தக்க வேறோர் இனம். சிறு மரம்போல உயர்ந்து, மெல்லிய பளபளப்பான பச்சைப் பலகைகளோடு, கண்ணுக்கு ஒன்றிரண்டு பழுப்பு முட்களே கொண்டது அது. நாகதாளி புதராகப் படர்வது. பலகை தடித்தது, நீலம் கலந்த மங்கிய பச்சை. முட்கள் மஞ்சள் நிறம்; தட்டையாகச் சற்று வளைந்து கொத்தாக நிற்கும். பூ எலுமிச்சை மஞ்சள், பழம் கருஞ்சிவப்பு ஊதா. முள்ளின் நிறத்தை மட்டும் பார்த்தாலே பெரும்பாலும் சொல்லிவிடலாம். இந்த இரண்டையும் ஒரே கள்ளியாக நினைத்தவர்கள், பூச்சி ஓரிடத்தில் வெற்றிகரமாகவும் இன்னோரிடத்தில் சோம்பேறியாகவும் இருப்பது ஏனென்று விளங்காமல் தலையைச் சொறிந்தார்கள். போதாக்குறைக்கு, நாகதாளி தனி இனமா, இன்னோர் இனத்தின் ஒரு வகையா என்பதில் தாவரவியலாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து அரசு அனுப்பிய ஆணைக்குழு ஒன்று 1912 முதல் 1914 வரை உலகம் சுற்றிக் கள்ளியின் பகைவர்களைத் தேடியது. இலங்கைக்கும் வந்து அந்தச் சிலோன் பூச்சியைப் பெற்றுச் சென்றது. அங்கும் அது ஒற்றை முள் கள்ளியை மட்டுமே அழித்தது. பின்னர் அவுஸ்திரேலியர் அமெரிக்காவிலிருந்து அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பூச்சியைக் கொண்டுவந்தார்கள். 1924இல் அவுஸ்திரேலியாவிலிருந்து அது இலங்கைக்கு வந்தது. 1926இல் இங்கிருந்து தென்னிந்தியாவுக்குப் போனது. இந்த முறை பூச்சியும் கள்ளியும் பொருந்தின. தமிழகத்தின் தென்மாவட்டங்களில் பெருநிலப் பரப்பை அடைத்திருந்த நாகதாளி சில ஆண்டுகளிலேயே சரிந்து விழுந்தது. சரியான செடிக்குச் சரியான பூச்சியைக் கொண்டுவந்து சேர்க்க, 1795இலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ நூற்றுமுப்பது ஆண்டுகள் சென்றிருக்கின்றன. பிரிஸ்பேன் பக்கம் இருக்கும் வாசகர்கள், 1925இல் ஆர்ஜென்ரீனாவிலிருந்து வந்து அவுஸ்திரேலியாவின் கள்ளிக்காட்டைத் தின்று தீர்த்த அந்துப்பூச்சியின் நினைவாகப் பூனார்கா என்ற சிற்றூரில் எழுப்பப்பட்டுள்ள மண்டபத்தை ஒருமுறை பார்த்து வரலாம். பூச்சிக்கு மண்டபம் கட்டியவர்கள் வேறெங்காவது இருக்கிறார்களோ தெரியாது.

மைத்துனரிடம் இவ்வளவும் சொன்னபோது அவருக்கு ஒரே மகிழ்ச்சி. "அப்ப பூச்சியை விடுவம் அத்தான். பெக்கோக் காசும் மிச்சம்" என்றார்.

அந்தப் பூச்சி நம் நாட்டில் இருக்கிறது. வங்களாவடிச் சந்தியிலிருந்து சற்றுத் தொலைவில், தெருவோரச் செடிகள் சிலவற்றில் பஞ்சு ஒட்டினாற்போல வெண்திட்டுகளைப் பார்த்தேன். பார்ப்பவர்கள் பூஞ்சணம் என்று நினைப்பார்கள். ஒரு திட்டைக் குச்சியால் நசுக்கினால் இரத்தம்போலச் சிவப்பு வரும். வந்தால் அது கொச்சினீல் குடும்பம். பூச்சியுள்ள பலகையை வெட்டிவந்து ஆரோக்கியமான செடியின்மேல் சாத்தி வைப்பதுதான் பழைய முறை. குஞ்சுகள் ஊர்ந்து ஏறிக்கொள்ளும், காற்றிலும் பறக்கும். கள்ளிக் குடும்பத்துக்கு வெளியே அது எதையும் தின்னாது. பெருமழை அதைக் கழுவிவிடும் என்பதால் மாரி முடிந்த பிறகே வைக்க வேண்டும். வேலை மெதுவாக நடக்கும். ஆனால் துண்டு சிதறாது.

எனினும் நான் அவசரப்படவில்லை. மடகாஸ்கரின் தென்பகுதியில் நடந்தது என் மனத்தில் இருந்தது. அங்கேயும் கள்ளி வெளியிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்த வறண்ட நாட்டு மக்கள் தலைமுறைகளாக அதைக் கொண்டே வாழப் பழகியிருந்தார்கள். கோடையில் மாட்டுக்குத் தீனியும் தண்ணீரும் அது; மனிதருக்குப் பழம் அது; ஊருக்கு மதிலும் அதுவே. 1924இல் அங்கே கொச்சினீல் பூச்சி விடப்பட்டது. சில ஆண்டுகளில் கள்ளிக்காடு அழிந்தது. மாடுகள் செத்தன, 1930ஐ ஒட்டிப் பஞ்சம் வந்தது, மக்கள் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போனார்கள். அதைச் செய்தவர்களின் நோக்கம் என்ன என்று வரலாற்றாசிரியர்கள் இன்னமும் விவாதிக்கிறார்கள். அந்த மக்களிடம் எவரும் கேட்கவில்லை என்பதில் மட்டும் விவாதமில்லை.

ஆகவே நான் பக்கத்து வளவு அக்காவிடம் கேட்டேன். பூச்சி என்றதும் அவர் முகம் மாறியது.

"என்ர பின்வேலியில நிக்கிறதையும் தின்னுமோ?"

அப்போதுதான் அந்தப் பின்வேலியைச் சரியாகப் பார்த்தேன். கடற்பக்கத்து எல்லையில் அவர் நாகதாளியை வரிசையாக வளரவிட்டிருந்தார். கட்டாக்காலி மாடுகள் உள்ளே வராமல் தடுப்பது அந்த வரிசைதான். கம்பிவேலி போட அவரிடம் பணமில்லை. ஒரு பக்கத்தில் ஆட்டின் வாயைக் கிழிக்கும் அதே செடி, மறுபக்கத்தில் ஆட்டின் தீனியைக் காக்கிறது. பூச்சிக்கு எல்லைக்கல் தெரியாது. மைத்துனரின் காணியில் விட்டால் அவருடைய வேலியும் போகும்.

களைநாசினியைப் பற்றியும் ஆலோசித்தோம். கிளைபோசேட்டுக்கு 2015இல் விதிக்கப்பட்ட தடை இடையில் தேயிலை, இறப்பருக்காகத் தளர்த்தப்பட்டு 2022இல் நீக்கப்பட்டுவிட்டது, கடையில் வாங்கலாம். ஆனால் நாகதாளியின் மெழுகுத் தோலில் மேலாகத் தெளிப்பது பெரும்பாலும் விழலுக்கு இறைத்த நீர். அதைவிடப் பெரிய தடை நம் தண்ணீர். தீவகத்தின் நன்னீர் என்பது, மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, பாரமான உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும் ஒரு மெல்லிய வில்லை. மேலே அதை வடிகட்ட ஆழமான மண் இல்லை. இன்று நிலத்தில் ஊற்றுவதை நாளை கிணற்றில் அள்ளிக் குடிக்க நேரலாம். அந்த வளவுக் கிணற்றில் நான்கு குடும்பங்கள் குடிநீர் அள்ளுகின்றன.

எஞ்சியது அலவாங்கும் மண்வெட்டியும். தை மாதக் கடைசியில் இரண்டு பேரோடு தொடங்கினோம். அந்தக் காலத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு: மாரி ஈரத்தால் நிலம் இளகியிருக்கும், வேரோடு பெயர்க்கலாம்; முன்னால் கோடை இருப்பதால் பெயர்த்தது காயும். மாரியில் பெயர்த்தால் விழுந்த இடத்திலேயே வேர் விடும். முதலில் பழங்களைக் கொய்து ஒரு பழைய தார்ப் பீப்பாவில் போட்டு எரித்தோம். பிறகு நுனியிலிருந்து பலகை பலகையாக மூட்டில் வெட்டிக் கவைத்தடியால் தூக்கி, சிதறவிடாமல் சாக்கில் இட்டோம். கடைசியில் அடியைக் கிண்டி எடுத்தோம். உடன்வந்தவர்களில் மூத்தவர், ஒவ்வொரு செடி முடிந்ததும் நிலத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நெடுந்தீவில் கல்வேலி ஓரங்களைத் துப்புரவாக்கிப் பழகிய மனிதர்.

குவியலை எங்கே போடுவது என்பதுதான் கடினமான கேள்வி. ஆழப் புதைக்கலாம் என்று நூல்கள் சொல்கின்றன. வேலணையில் இரண்டடி தோண்டினால் கல். பச்சையாக எரிக்கவும் முடியாது. நீர் நிறைந்த பலகை வெந்துபோகுமே தவிர எரியாது. கடைசியில் கூரையிழந்த வீட்டின் சீமெந்து நிலமே கைகொடுத்தது. மாமனார் பார்த்துப் பார்த்துப் போட்ட விறாந்தை. அதன்மேல் குவித்துக் கறுப்புப் பொலித்தீனால் மூடிக் கல் வைத்தோம். மண் இல்லை, ஒளி இல்லை; சித்திரை வெயில் மேலே. வைகாசியில் திறந்தபோது பெரும்பகுதி பழுப்பு நிறச் சருகாகியிருந்தது. நடுவில் சில பலகைகள் வெளிறிய முளை விட்டிருந்தன. அவற்றைப் பிரித்துப் பரப்பி மறுபடியும் மூடினோம்.

வேலை செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: பெரிய முள்ளுக்கு அஞ்ச வேண்டாம், அது கண்ணுக்குத் தெரியும். கண்ணடியில் குத்துக் குத்தாக இருக்கும் மயிர் போன்ற சுணைதான் ஆபத்து. துணிக் கையுறையில் ஏறிவிட்டால் அந்தக் கையுறையை எறிந்துவிட வேண்டியதுதான். தோலில் ஏறினால் தேய்க்கக் கூடாது. ஒட்டும் நாடாவை அழுத்தி இழுத்தால் பெரும்பகுதி வந்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

மைத்துனருக்குக் கணக்கு அனுப்பினேன். இருவருக்குப் பதினாறு நாட்கூலி, பெக்கோவின் ஒருநாள் வாடகையைவிட அதிகம். அதிலும் வளவின் மூன்றில் இரண்டு பங்குதான் முடிந்திருக்கிறது. வடகிழக்கு மூலையில் இடிந்த மதிலின் கற்குவியலுக்குள் வேரோடியிருப்பதை அலவாங்கால் எடுக்க முடியவில்லை. அந்த மூலைக்குப் பூச்சிதான் வழி. அது அக்காவின் பின்வேலியிலிருந்து இருபது யார் தூரத்தில் இருக்கிறது.

அவரோடு பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். முதல் மழைக்குக் கிளுவைக் கதியால் வெட்டிவந்து அவருடைய நாகதாளி வரிசைக்கு உட்புறமாக நடுவது, செலவு மைத்துனருடையது. கதியால் பிடித்து மாடு தாண்டாத அளவுக்கு அடர இரண்டு மாரியாவது செல்லும். அதுவரை வங்களாவடிப் பூச்சி வங்களாவடியிலேயே இருக்கட்டும். கற்குவியலில் பழம் பழுக்குமுன் கொய்துவிடும் பொறுப்பை அக்கா ஏற்றிருக்கிறார். அவருடைய பேரப்பிள்ளைகள் வந்தால் தின்பதற்கு நாலைந்தை விட்டுவைப்பாராம்.

"ரெண்டு வருசமோ அத்தான்?" என்று மைத்துனர் தொலைபேசியில் அலுத்துக்கொண்டார். அவருக்கு அடுத்த கோடையில் பிள்ளைகளோடு வந்து காணியைப் பார்க்கும் எண்ணம். வரட்டும். கிணற்றடி வரை இப்போது செருப்போடு நடந்து போகலாம்.